மலை வெளுத்த ஐப்பசி

கொல்லிமலை வெளுத்துக் கிடந்ததை என் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் உச்சிப்பொழுது வரைக்கும்தான். அன்றைக்கு ஊரே வீதியில் நின்று மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் எங்கள் வாசலில் கிடந்த ஒரு கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது எனக்கு இருபது வயது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். யுத்தம் வந்து அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கும் காலம் இன்னும் வரவில்லை. நான் பிறந்தது ஜேடர்பாளையம் பக்கம், காவிரிக்கரையில். வாழ்க்கைப்பட்டது ராசிபுரத்துக்கு அந்தண்டை, மலையடிவாரத்தில். ஊரைவிட்டுத் தள்ளித் தோட்டத்துக்குள் வீடு. மண்சுவர், மேலே நாட்டு ஓடு. நான், என் கணவர், மாமியார் என்று மூன்றே பேர். பண்ணையத்துக்கு ஓர் ஆள் இருந்தார். அவருடைய குடிசை கிணற்றுக்கு அந்தப் பக்கம்.

மலைக்குப் போகிற தடம் எங்கள் வேலியை ஒட்டித்தான் போகும். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு மலை ஆட்கள் விடிந்ததும் இறங்குவார்கள். வாழைத்தார், சாமை, கடுகு, தேன் என்று எதையாவது தலையில் சுமந்து வருவார்கள். விற்றுவிட்டு உப்பும் புகையிலையும் வாங்கிக்கொண்டு மத்தியானமே கிளம்பிவிடுவார்கள். பொழுதுக்குள் மலையேறிவிட வேண்டும் அவர்களுக்கு.

அவர்களில் ஒருத்தி எங்கள் கிணற்றில் தண்ணீர் குடிக்க நிற்பாள். என் வயதுதான் இருக்கும். முதுகில் துணியால் ஒரு கைக்குழந்தையைக் கட்டியிருப்பாள். பெண் குழந்தை, ஏழு மாதம். "அக்கா, ஒரு வாய் தண்ணி மோந்துக்கட்டுமா" என்று வேலிக்கு வெளியே நின்று கேட்பாள். எத்தனை வாரம் வந்தாலும் கேட்காமல் கிணற்றுப் பக்கம் வரமாட்டாள். நான் மோரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பேன். எனக்கு அந்த வருஷம் தை மாதம் ஒரு கரு கலைந்திருந்தது. அதை நான் அவளிடம் மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த வாரம் ஏதோ ஒரு கிழங்கை இலையில் சுற்றி எடுத்துவந்து, "பாலுல அரைச்சுக் குடி. கசக்கும், மூஞ்சியச் சுளிக்காத" என்றாள். குடித்தேன். கசப்பு நாக்கைவிட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று. அதைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் முதுகில் தூங்கின குழந்தை விழித்துக்கொண்டது. ஊரில் எனக்கு வேறு சிநேகிதி கிடையாது.

என் மாமியார் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதிகம் பேசமாட்டார். எனக்கு முன்னால் எழுந்து எனக்குப் பின்னால் படுப்பார். அவருக்கு என் கணவருக்கு மூத்ததாக ஒரு மகள் இருந்திருக்கிறாள். ஊரில் பேதி பரவிய வருஷம் ஒரு சாயங்காலம், யாரோ வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். பன்னிரண்டு வயதுப் பெண், "வாரேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். வாசலில் யாரும் இல்லை. மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அதற்கப்புறம் இருட்டின பிறகு யார் கூப்பிட்டாலும் மூன்று தடவை கேட்காமல் அந்த வீட்டில் பதில் சொல்வதில்லை. உசுருள்ளது மூன்று தடவை கூப்பிடும், உசுரு இல்லாதது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் என்பார் மாமியார். நான் பிறந்த ஊரிலும் அப்படிச் சொல்வார்கள்தான். ஆனால் இந்த வீட்டில் அது பேச்சோடு நிற்கவில்லை. என் கணவரே சந்தையிலிருந்து திரும்பி வந்தால் வாசலில் நின்று மூன்று தடவை "அம்மா" என்பார்.

அந்த ஐப்பசி செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் இல்லை. முந்தின நாளே நிலக்கடலை வண்டியைக் கட்டிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தார். விடிந்ததிலிருந்து வாடை அடித்தது. எங்கள் பக்கம் ஐப்பசியில் மழை வருவது புதிதில்லை. ஆனால் அந்தக் காற்று வேறு மாதிரி இருந்தது. ஈரத்துணியை முகத்தில் போட்டு இழுத்தது போல இருந்தது. மாடுகள் தீவனத்தில் வாய் வைக்கவில்லை. மத்தியானத்துக்குள் மலை மறைந்துவிட்டது. மேகம் அதை மூடியது என்று சொல்ல முடியாது; அங்கே ஒரு மலை இருந்த அடையாளமே இல்லாமல் கரியைப் பூசின மாதிரி இருந்தது.

பண்ணையத்து ஆள் வந்து, "அம்மணி, ஆட்டை உள்ள ஓட்டிருங்க. இந்தக் குளுருக்குப் பட்டில உட்டா ஒண்ணும் மிஞ்சாதுங்க" என்றார். பதினோரு ஆடுகளையும் வீட்டுக்குள் ஓட்டினோம். மாட்டைக் கட்டுத்தரையிலேயே விட்டு, சாக்கைப் போர்த்திவிட்டு அவர் தம் குடிசைக்கு ஓடினார்.

மழை பெய்தது என்றால் போதாது. படுக்கைவாட்டில் வந்தது. ஓட்டு இடுக்குகளில் காற்று புகுந்து வீடு முழுக்க ஒரு ஊளை. கொஞ்ச நேரத்தில் கூரைமேல் யாரோ கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம். ஓடு ஒன்று உடைந்து, கோலிக்குண்டு அளவு ஆலங்கட்டிகள் அடுப்பங்கரையில் விழுந்து உருண்டன. ஆடுகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கதவு பிய்த்துக்கொண்டு போய்விடும் போலிருந்தது. நானும் மாமியாரும் தாழ்ப்பாளைப் போட்டு, குறுக்குக்கட்டையைச் செருகி, உரலை உருட்டிக் கொண்டுபோய் அண்டக் கொடுத்தோம். பொழுது இன்னும் சாயவில்லை. ஆனாலும் கை தெரியாத இருட்டு. சிம்னி விளக்கை ஏற்றிக் கதவுக்குப் பக்கத்தில், காற்றுப் படாத மூலையில் வைத்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அக்கா."

சத்தமாக இல்லை. கிணற்றுப் பக்கம் நின்று தண்ணீர் கேட்கிற அதே குரல். நான் எழுந்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்க போற?"

"கூப்புடறாங்க அத்தை."

"ஒருக்காத்தான் கூப்புட்டுச்சு. உக்காரு."

"அந்த மலைக்காரப் புள்ளைங்க. எனக்குக் கொரலு தெரியும்."

"எனக்குந்தான் தெரிஞ்ச கொரலா இருந்துச்சு அன்னைக்கு" என்றார் மாமியார். "இந்த மழையில எந்தப் புள்ள வரும் சாமி? சந்தைக்கு வந்தவங்க அப்பவே மலையேறியிருப்பாங்க. உக்காரு."

பிடித்த மணிக்கட்டை அவர் விடவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் என் காலும் நின்றுவிட்டது. நான் அவர் சொன்னதை நம்பினேனா என்று பிற்காலத்தில் பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பாதி நம்பினேன். மீதிப் பாதிக்கு அந்த உரலை நகர்த்துவதும், கட்டையை எடுப்பதும், கதவு திறந்தால் உள்ளே பாயப்போகிற காற்றும் பயமாக இருந்தன.

இரண்டாவது தடவையும் கேட்டது. முன்னைவிடக் கிட்டத்தில், கதவுப் பலகையில் வாயை வைத்துச் சொன்னது போல.

"அக்கா."

"இன்னொருக்கா கூப்புடட்டும்" என்றார் மாமியார். "நானே தொறக்கறேன்."

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆடுகள்கூட அடங்கிவிட்டாற் போல இருந்தது. மழைச் சத்தத்துக்குள் காதை நுழைத்து நுழைத்துத் தேடினேன். மூன்றாவது வரவே இல்லை. மாமியார் என் கையை விட்டார். "பாத்தியா" என்றார். அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை இப்போது எழுதுவதற்குக் கூசுகிறது.

விடியும்போது காற்று நின்றிருந்தது. உரலை நகர்த்திக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது மலை. உச்சியிலிருந்து கால்வாசி தூரத்துக்கு வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. மலைமேல் இரவெல்லாம் கொட்டிய ஆலங்கட்டி உருகாமல் கிடக்கிறது என்று பிறகு சொன்னார்கள். ஊருக்குள்ளிருந்து ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வருவது கேட்டது. கிழவர்கள்கூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அப்புறம் குனிந்து பார்த்தேன். படிக்குக் கீழே சேற்றில் ஒரு மூங்கில் கூடை கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒரு துணி முடிச்சு. பிரித்தேன். ஒன்றுமில்லை. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. ஒரு படி உப்பு இருந்திருக்கும். எல்லாம் கரைந்து ஓடியிருந்தது.

மாமியார் என் பின்னால் வந்து நின்றதை உணர்ந்தேன். கூடையைப் பார்த்தார்.

பண்ணையத்து ஆள் ஓடிவந்தார். ஊரில் பட்டி பட்டியாக ஆடுகள் விறைத்துச் செத்துக் கிடப்பதைச் சொன்னார். பிறகு, "மலையாளுக கொஞ்சப் பேரு சூளையில இருக்கறாங்க அம்மணி. ஓடையில தண்ணி போவுது, ஏற முடியல. அதுல ஒரு கொழந்தை..." என்று நிறுத்தினார்.

குயவர் சூளை எங்கள் வீட்டுக்கு மேற்கே, கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம். கார்த்திகை விளக்குக்காக அகல்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் மழையிலும் அங்கே சூடு இருந்தது. கொட்டகைக்குள் பத்துப் பதினைந்து பேர் சூளைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஓர் ஓரத்தில் இருந்தாள். குழந்தை மடியில் இருந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். கிட்டே போனபோதுதான் உதட்டின் நிறத்தைப் பார்த்தேன்.

அவள் சந்தையிலிருந்து மற்றவர்களுக்கு முன்னாலேயே தனியாகக் கிளம்பியிருக்கிறாள். மலையில் புருஷன் காய்ச்சலில் கிடந்தானாம். அடிவாரத்து ஓடை பெருகி வழியை மறித்திருக்கிறது. திரும்பி வந்தபோது ஆலங்கட்டி பிடித்துக்கொண்டது. இதையெல்லாம் அவள் பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் சொன்னார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டுல ஆரும் இல்லியா அக்கா?" என்றாள்.

என் மாமியார் எனக்குப் பக்கத்தில் நின்றார். அவர் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் முந்திக்கொண்டேன்.

"கட்டுத்தரையில மாட்டோட இருந்தோம். காத்துல ஒண்ணுமே கேக்கல."

"அப்புடியா" என்றாள். "நானும் அப்புடித்தான் நெனச்சேன்."

அவ்வளவுதான். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மாமியார் வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து தம் கோடிச் சேலையை எடுத்துவந்தார். கட்டாமல் வைத்திருந்த சேலை. அதில் பாதியைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றினார். ஓடை வடியாததால் மலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. தடத்தோரத்தில், எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் மண்ணிலேயே குழி எடுக்கச் சொன்னார் மாமியார். பண்ணையத்து ஆள்தான் வெட்டினார். மண் அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது வெயில் வந்திருந்தது. மலை பழையபடி பச்சையாகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமியார் கேட்டார்:

"எதுக்குப் பொய் சொன்ன?"

"உங்களுக்காகத்தானுங்க அத்தை."

அவர் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு நடந்தார். நான் சொன்னது இரண்டாவது பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

என் கணவர் இரண்டு நாள் கழித்து வந்தார். திருமணிமுத்தாற்றில் வெள்ளம், வண்டி அக்கரையிலேயே நின்றுவிட்டதாம். வாசலில் நின்று "அம்மா" என்றார். ஒரே தடவைதான். மறு தடவை கூப்பிட அவர் வாயெடுப்பதற்குள் மாமியார் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அதன்பிறகு மாமியார் கதவுக்குக் குறுக்குக்கட்டை போட விட்டதில்லை. காற்று கொஞ்சம் எழும்பினாலே நிமிர்ந்து உட்காருவார். தென்னமட்டை விழுந்தாலும் பூனை கத்தினாலும் "இரு சாமி, வாரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டு எழுந்துபோவார். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். "ஆருமில்லைங்க அத்தை, உள்ள வாங்க" என்று நான் கையைப் பிடித்தால், "கொரலு கேட்டுதே" என்பார். ஐப்பசி வந்தால் அது ஒரு நாளில் ஐந்தாறு தடவை நடக்கும். எனக்கும் சில சமயம் கேட்டது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

அவள் வருவதை நிறுத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை வேலிக்கு வெளியே நின்று, "ஒரு வாய் தண்ணி மோந்துக்கட்டுமா" என்றாள். முதுகில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. நான் மோர் கொண்டுவந்தேன். அவள் ஒன்றும் நடக்காதது போல வாங்கிக் குடித்தாள். போகும்போது தடத்தோரத்து மண்மேட்டில் இரண்டு பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனாள். நான்கு வருஷம் அப்படியே வந்தாள். எனக்கு ஒரு மகன் பிறந்தான், பிறகு ஒரு மகள். இரண்டு பேறுக்கும் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவள் வேலியைத் தாண்டும்வரை நினைத்துக்கொண்டே நிற்பேன்.

நான்காவது வருஷம் ஐப்பசியில் மாமியார் போனார். கடைசி இரண்டு நாள் நினைவு தப்பியிருந்தது. அப்போதும் வாசல் பக்கமே தலையைத் திருப்பி வைத்துக்கொண்டார். "தொறந்துதான் இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

மாசி மாதம், தடம் காய்ந்த பிறகு, நான் மலையேறினேன். பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, பண்ணையத்து ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். கோயிலுக்கு வேண்டுதல் என்று கணவரிடம் சொன்னேன். அதுவும் பொய்தான். ஏறி முடிக்க மத்தியானமாயிற்று. அவள் ஊர் ஏழெட்டுப் புல்வேய்ந்த வீடுகள். அவள் சாமை குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உலக்கையை நிறுத்தினாள்.

"என்னக்கா, நடந்தா வந்த?"

பண்ணையத்து ஆள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்தார். நான் அவள் கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். முதலில் வேறெதையோ பேச நினைத்திருந்தேன். ஆனால் வேறெதுவும் வரவில்லை.

"அன்னைக்கு நாங்க ஊட்டுக்குள்ளதான் இருந்தோம். நீ கூப்புட்டது கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"தெரியும்" என்றாள். "கதவுச் சந்துல வெளக்குத் தெரிஞ்சுது. நீங்க பேசிக்கிட்டதும் கேட்டுச்சு. என்ன பேசுனீங்கன்னு வெளங்கல."

கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"பின்ன ஏன் இன்னொருக்கா கூப்புடல? கூப்புட்டிருந்தா..."

"முதுகுல அவ முனகிக்கிட்டே இருந்தா அக்கா. ரெண்டாந் தடவை கூப்புட்டப்ப நிறுத்திட்டா. தொட்டுப் பாத்தேன். தூரத்துல சூளை நெருப்பு தெரிஞ்சுது. கூடையப் போட்டுட்டு அங்க ஓடுனேன்."

வெளியே பண்ணையத்து ஆள் இருமினார். அவள் ஒரு முறத்தை எடுத்து, குத்தின சாமையைப் புடைக்க ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சுமா இத்தனை வருசம் எங்க ஊட்டுக்கு வந்த?" என்றேன்.

"நீ சூளையில பொய் சொன்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். நானும் வராம போயிட்டா நீ என்ன ஆவியோன்னு இருந்துச்சு." உமியை ஊதினாள். "அந்தம்மா எப்புடிப் போனாங்க?"

சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மலையில் இருட்டு சீக்கிரம் வரும், இறங்கு என்றாள். வாசல் வரை வந்தாள். ஒரு பை நிறையச் சாமை கொடுத்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மோரைக் கலக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மலை ஆட்கள் வரிசையாகக் கடந்து போனார்கள். அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் சந்தைக்கே போனேன். வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்தாள். என் மகளின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வீட்டுப் பக்கம் ஏன் வருவதில்லை என்று நான் கேட்டேன். கிழக்கே புதிதாக ஒரு தடம் போட்டிருக்கிறார்கள், அதில் ஏற்றம் குறைவு என்றாள். தடம் போட்டிருந்தது உண்மைதான். மற்றவர்களில் பாதிப் பேர் இன்னமும் பழைய தடத்தில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவளிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டேன். பக்கத்துக்காரி ஏதோ கேட்க, அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.